ஆறாம் திருவிழாக்காரர்

நார்த்மீட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கிற தமிழ் வீடுகளில், பெற்ற தாயில் உயிரையே வைத்திருக்கும் பிள்ளை யார் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஸ்ரீகாந்தனின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயர் சும்மா வந்து சேரவில்லை. ஒன்பது வருடங்கள் பாடுபட்டு அவர் அதை எடுத்தார். தாயை ஒரு நாளாவது கூட வைத்துப் பார்க்காமல் இப்படியொரு பெயரை எடுப்பது லேசான வேலையா?

வயது ஐம்பத்திரண்டு. பரமட்டாவில் ஒரு கம்பனியில் மழைநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் எஞ்சினியர். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் இருக்குமிடமே தெரியாது. சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டிலோ சாமத்திய வீட்டிலோ வட்டமாகப் போட்ட கதிரைகளில் ஒன்றில் வந்து அமர்ந்துவிட்டால் ஆளே வேறு. எப்படியும் யாராவது ஒருவர், "அம்மாவை எப்ப எடுக்கிறியள்?" என்று கேட்பார். ஊரில் விட்டுவந்த தாய் தகப்பனை இந்த நாட்டுக்கு எப்போது கூப்பிடுவது என்பது இங்குள்ள தமிழர் ஒருவரை ஒருவர் கேட்காமல் விடாத கேள்வி. மற்றவர்கள் அதற்கு நெளிவார்கள், பேச்சை மாற்றுவார்கள். ஸ்ரீகாந்தன் அந்தக் கேள்விக்காகவே சாப்பாட்டுக் கோப்பையுடன் காத்திருப்பார். கேள்வி வந்ததும் கோப்பையைக் கீழே வைப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், பிறகு மெதுவாகத் தொடங்குவார்.

"எடுக்க விட்டால்தானே. ரெண்டு தரம் மெடிக்கலிலை வெட்டிப்போட்டாங்கள்."

தாய் சத்தியபாமா சுன்னாகத்தில் தனியே இருந்தார். முப்பத்தொரு வருடங்கள் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் எப்போதோ இறந்துவிட்டார், பிள்ளை இந்த ஒன்றுதான். 2013இல் அவருக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்தார்கள், கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள், ஐந்து வருடம் வரச்சொல்லிப் பார்த்துவிட்டு இனி வரத்தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீகாந்தனின் கதையில் இதுவரைக்கும் உண்மை. விசா மெடிக்கலில் இரண்டு தரம் வெட்டினார்கள், அதாவது நிராகரித்தார்கள், என்பது மட்டும் சுத்தப் பொய். வெட்டுவதற்கு அவர் ஒரு தரமாவது விண்ணப்பித்திருக்க வேண்டுமே. எந்தப் படிவத்திலும் அவர் தாயின் பெயரை எழுதியதில்லை.

காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. தாய்க்கும் மகனுக்கும் சண்டையா, இல்லை. மாமிக்கும் மருமகளுக்கும் பகையா, அதுவும் இல்லை. 2015இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவி நிரஞ்சினியும் குசினி மேசையில் இருந்து அம்மா வந்தால் என்னென்ன நடக்கும் என்று யோசித்தார்கள். விடிய ஐந்து மணிக்குத் தேவாரம். ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்க வேண்டும். விடுமுறைக்கு எங்கும் போக முடியாது. அந்தப் புற்றுநோய் வருத்தம் திரும்ப வந்தால் யார் பார்ப்பது? தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. ஒரு கெட்டவன் செய்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போகலாம். இவர் கெட்டவரும் இல்லை, சொகுசு பார்த்தார், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை இராஜேஸ்வரி அன்ரி அந்தக் கேள்வியைக் கேட்டார். கோயில், கொண்டாட்டம், செத்த வீடு எதிலும் முன்வரிசையில் இருக்கிற மனுசி அவர். எங்களுக்கு விருப்பமில்லை என்று அவரிடம் சொல்ல முடியுமா? "மெடிக்கலிலை கொஞ்சம் சிக்கல்" என்று ஸ்ரீகாந்தன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். அன்ரியின் முகம் இளகிப்போயிற்று. அவரது கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கதிரைகள் எல்லாம் திரும்பி அவரைப் பார்த்தன. வாழ்க்கையில் அதுவரை அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு சிக்கல் வெட்டாக வளர்ந்தது, ஒரு வெட்டு இரண்டு வெட்டாயிற்று.

புது வீடு கட்டியபோது கீழே ஒரு அறையை, குளியலறையும் சேர்த்து, அகலக் கதவு வைத்துக் கட்டினார். வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைத் திறந்து காட்டி, இது அம்மாவின் அறை, என்றைக்காவது விடுவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டியது என்பார். ஆறு மாதத்தில் அதற்குள் கரோக்கி மெஷினும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் குடிபுகுந்தன. விருந்து நாட்களில் அந்த அறையில் நின்று அவர் தாயைப் பற்றிய பாட்டுகளாகத் தேடித் தேடிப் பாடுவார். இரண்டாவது சரணத்தில் குரல் உடையும். எந்த இடத்தில் உடையும் என்பது நிரஞ்சினிக்குத் தெரியும், அதற்கு முன்பே எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

ஊருக்கு ஒரு கதை என்றால் தாய்க்கு வேறு கதை. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றும், வருத்தம் வந்த ஆட்களின் உடம்பை அவங்கள் கடுமையாகச் சோதிப்பார்கள் என்றும், ஒரு தரம் வெட்டினால் பிறகு சரிவராது என்றும், அதனால் ரிப்போர்ட் எல்லாம் திறமாக வந்தபிறகு போடுவோம் என்றும் தாயிடம் சொல்லிவைத்திருந்தார். சும்மா பார்க்க வருகிற விசாவுக்கும் இதே சோதனைதான் என்று அந்தக் கதவையும் சாத்தினார். மனுசி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தேத்தண்ணீருக்குச் சீனியை நிறுத்தினார். பிறகு உப்பைக் குறைத்தார், எண்ணெயை விட்டார், தேங்காய்ப்பூவை விட்டார். தைப்பொங்கலுக்குத் தானே பொங்கி அயலுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வாயில் வைக்காமல் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதித்து, அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்.

ஸ்ரீகாந்தன் அந்தப் படங்களைப் பெரிதாக்கிக் கூடப் பார்ப்பதில்லை. ஒரு கும்பிடும் கையைப் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்து, சீனி நூற்றுப்பத்துக்குக் கீழே வரவேண்டும் அம்மா என்பார். அவர் நூற்றுப்பத்துக்குக் கொண்டுவந்தால் இப்போது நூறு கேட்கிறார்கள் என்பார். நூறுக்கு வந்தால் கொலஸ்ட்ரோல். கொலஸ்ட்ரோல் இறங்கினால் நிறை போதாதாம். ஆட்டுக்குக் குழை காட்டுவது போல இலக்கத்தைக் காட்டிக் காட்டி ஒன்பது வருடம் பெற்ற தாயை நடத்தினார். ஒருமுறை கூட நாக்குக் கூசவில்லை.

இதற்கெல்லாம் மேலே கோயில். வருடாந்தத் திருவிழாவில் ஆறாம் நாள் உபயம் அவருடையது. தாயின் தேகசுகத்துக்காக என்று நோட்டீசில் அச்சடித்து வரும். பட்டு வேட்டியுடன் முன்னால் நின்று தாயின் பெயரையும் உத்தரட்டாதி நட்சத்திரத்தையும் ஐயருக்குச் சொல்லும்போது அவர் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். ஊரில் அவரை ஆறாம் திருவிழாக்காரர் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

விமானத்தில் போகும் தூரத்தில், மெல்பேர்ண் ஸ்பிரிங்வேலில் அவருக்கு ஒரு மாமன் மகள் இருந்தாள். வினுஷா, ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அத்தான், மாமியின் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்புங்கோ, நான் பார்த்துப் படிவங்களை நிரப்பித் தருகிறேன் என்று இரண்டு மூன்று தரம் கேட்டிருக்கிறாள். சின்னப்பிள்ளைக்கு இதெல்லாம் விளங்காது என்று அவளை ஒதுக்கிவிட்டார். சின்னப்பிள்ளைக்கு அப்போது முப்பத்துநான்கு வயது.

இப்படியே காலம் முழுக்க ஓட்டியிருப்பார். அவரைக் கவிழ்த்தது அவருடைய வாய்தான்.

விஜிதரன் என்றொரு பெடியன் அவர் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவன். 2012இல் படகில் வந்து, பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவில் இருப்பவன். போன வருடம் முல்லைத்தீவில் அவன் தாய் செத்துப்போனார். போனால் திரும்பி வர முடியாது, போகாவிட்டால் கொள்ளி வைக்க முடியாது. போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்தோராம் நாள் அவனுடைய வாடகை வீட்டில் நாலைந்து பேருக்குச் சாப்பாடு கொடுத்தான். ஸ்ரீகாந்தனும் நிரஞ்சினியும் போயிருந்தார்கள். படத்துக்கு முன்னால் அவன் வாழை இலையில் படைத்துக்கொண்டிருந்தபோது ஸ்ரீகாந்தன் போய் அவன் தோளில் கையைப் போட்டார்.

"எனக்கும் உன்ரை நிலைமைதான் தம்பி. என்னட்டை விசா இருந்தும் என்ன, என்ரை அம்மாவையும் விடமாட்டன் எண்டிட்டாங்கள்."

அந்த இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விஜிதரன் அதை அப்படியே நம்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் வாய்மூடிக் கூட இருந்த நிரஞ்சினிக்கு அன்றைக்கு முதல் தரமாக வெட்கம் வந்தது. காரில் வரும்போது அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ரீகாந்தன் அந்தப் பெடியனின் சாப்பாட்டில் உறைப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

விஜிதரன் நன்றி மறவாதவன், அதுதான் வில்லங்கமாகப் போயிற்று. ஒரு கிழமையில் போன் எடுத்தான். தனக்குத் தெரிந்த ஒரு லோயர் அக்கா இருக்கிறா, காசு வாங்காமல் பார்ப்பா, வெட்டின கடிதத்தைத் தாருங்கோ அண்ணை என்று கேட்டான். ஸ்ரீகாந்தன் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார். இரண்டாவது கடிதம்? அதுவும் அதோடு தொலைந்ததுதான். அவன் விடவில்லை. அம்மாவிடம் பிரதி இருக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்று நிரஞ்சினியிடம் நம்பர் கேட்டான். நிரஞ்சினி ஒரு கணம் யோசித்தாள். பிறகு நம்பரை அனுப்பிவிட்டு, கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் உடுப்புக் காயப்போடப் போனாள்.

சுன்னாகத்தில் சத்தியபாமா போனை எடுத்து, இன்னும் விண்ணப்பிக்கவே இல்லையே தம்பி, சீனி இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டுமாம் என்று சொன்னபோதுதான் விஜிதரனுக்கு விஷயம் விளங்கியது. அந்தத் தாயின் மகனைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னான்.

"அம்மா, இந்த நாட்டிலை ஏலாது எண்டால் கடிதத்திலை எழுதித்தான் ஏலாது எண்டுவாங்கள். என்னட்டை ஒரு பெட்டி நிறைய இருக்கு. மகனிட்டைக் கடிதத்தைக் கேளுங்கோ."

முப்பத்தொரு வருடம் கடிதங்களுக்கு முத்திரை குத்திய மனுசிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த நாள் மகனுக்குப் போன் எடுத்து, அவங்கள் இந்த இலக்கங்களைக் கேட்டு அனுப்பிய கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.  எல்லாம் ஒன்லைனில்தான் வந்தது, இப்போது பாஸ்வேர்ட் மறந்துபோயிற்று என்று ஸ்ரீகாந்தன் ஏதோ பூசி மெழுகினார். தாய், சரி தம்பி, சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு கடிதப் பேச்சு வரவில்லை. அந்த ஆறு மாதத்துக்கான ரிப்போர்ட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை, மனுசிக்கு ஏதும் சுகமில்லையோ என்று பெற்ற பிள்ளைக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஸ்ரீகாந்தனுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா ஒருவழியாக ஆசையை விட்டுவிட்டா என்று நினைத்து, கரோக்கிக்குப் புதிதாக ஒரு மைக் வாங்கினார்.

திருவிழா வந்தது. ஆறாம் நாள் சனிக்கிழமையில் விழுந்ததால் கோயில் நிறைந்திருந்தது. ஸ்ரீகாந்தன் மாம்பழக் கலர்ப் பட்டு வேட்டி, சால்வையுடன் முன்னால் நின்றார். ஐயர் சங்கற்பம் சொல்லத் தொடங்கித் தாயின் பெயரைக் கேட்டார். சத்தியபாமா, உத்தரட்டாதி நட்சத்திரம் என்று ஸ்ரீகாந்தன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"ஐயா, உத்தரட்டாதி இல்லை. ரேவதி."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஐயர் நிமிர்ந்தார். சனம் திரும்பிப் பார்த்தது. கடைசியாகத் திரும்பியவர் ஸ்ரீகாந்தன். ஊதாநிறச் சேலையும் அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டையுமாக, வினுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்து பாதியாகிப்போன ஒரு மனுசி நின்றார். "நான்தான் சத்தியபாமா" என்று ஐயரைப் பார்த்துச் சொன்னார். ஐயர் நட்சத்திரத்தைத் திருத்திக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். ஒன்பது வருடமாக இந்த மகன் யாரோ ஒருத்தியின் நட்சத்திரத்துக்கு அபிஷேகம் செய்துவந்திருக்கிறார். தாயின் நட்சத்திரத்தை அவர் யாரிடமும் கேட்டதே இல்லை. முதல் வருடம் ஐயர் கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னார், அதையே பிடித்துக்கொண்டார்.

பூசை முடியும் வரை அவரால் அசைய முடியவில்லை. உபயகாரர் இடையில் விலக முடியாதே. தீபாராதனைக்குச் சனமெல்லாம் சுவாமியைப் பார்க்க, இராஜேஸ்வரி அன்ரி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்னதான மண்டபத்தில் சத்தியபாமாவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். வினுஷா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மாதத்துக்கு முன்னர் மாமி தன்னைக் கேட்டாவாம். விசிட்டர் விசாவுக்கு அவள் அழைப்புக் கடிதம் எழுதினாளாம். வயது எழுபத்தைந்தைத் தாண்டியதால் கொழும்பில் மெடிக்கல் செய்யச் சொன்னார்களாம். பழைய ஒப்பரேஷன், கதிர்ச் சிகிச்சை எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார்களாம். மூன்று கிழமையில் விசா வந்துவிட்டதாம்.

"முதல் தரம் போட்டது அன்ரி, முதல் தரமே பாஸ்."

இராஜேஸ்வரி அன்ரி கேட்கவேண்டியதைக் கேட்டார். அப்போது முந்தி இரண்டு தரம் வெட்டினது? சத்தியபாமா ஒருவரையும் பார்க்காமல், முந்தி ஒருத்தரும் விண்ணப்பம் போடவில்லைப் பிள்ளை என்று மட்டும் சொன்னார்.  ஒன்பது வருடம் ஸ்ரீகாந்தனுக்காகக் கண் துடைத்த அத்தனை பேரும் அவரவர் வாழை இலையைப் பார்த்தார்கள். ஏமாந்த வெட்கம் அவர்களுக்கு. ஸ்ரீகாந்தன் சால்வையைச் சரிசெய்தார், பிறகு திரும்பவும் சரிசெய்தார்.

பரிமாறிக்கொண்டு வந்தது விஜிதரன். சத்தியபாமாவின் இலைக்கு முன்னால் பாயசவாளியுடன் தயங்கி நின்று, அம்மா, சீனி போட்டது, விடட்டோ என்று கேட்டான். போனில் கேட்ட குரல் என்று மனுசி கண்டுகொண்டிருக்க வேண்டும். அவனை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"விடு தம்பி. கொழும்பிலை டொக்டர் சொன்னவர், நான் எல்லாம் சாப்பிடலாமாம். எப்பவோ சாப்பிட்டிருக்கலாமாம்."

இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். அவசரமில்லாமல், கடைசிச் சவ்வரிசி வரைக்கும். நிரஞ்சினி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்து அழுதாள். அழுகிறவள் ஒன்பது வருடத்துக்கு முன்னரே அழுதிருக்கலாம்.

கை கழுவிக்கொண்டு வந்த தாயிடம் ஸ்ரீகாந்தன் போனார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அம்மா வீட்டை வாங்கோ, கீழே உங்களுக்கென்றே ஒரு அறை கட்டி வைத்திருக்கிறேன், வினுஷாவின் வீட்டில் ஏன் கிடந்து கஷ்டப்பட வேணும் என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு நாலு பேர்தான் தெரிந்தார்கள். சத்தியபாமா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். மகனின் முகத்தை, ரிப்போர்ட் வாசிப்பது போல, மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"அங்கை வர என்ரை உடம்பு சரிவராது தம்பி," என்றார். "ரெண்டு தரம் வெட்டினதெல்லே."

பிறகு வினுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பு வைத்த இடத்துக்கு நடந்தார். மெல்பேர்ணுக்கு அவர்களுக்கு மாலை விமானம்.